பூவில்லாக் காலத்தில் செங்காந்தளை அறிதல்

(ஒட்டன்சத்திரம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கொடி. சாலை, கிணறு, குடிநீர்க் குழாய், கடனுதவி என்றே அலுவலர்கள் பேசக் கேட்டுப் பழகிய உங்களுக்கு இது சிறு பொருளாகத் தோன்றக்கூடும். ஆயினும், இக்கொடி நம் வட்டாரத்து உழவர் பலருக்குப் பணம் தருகிறது. அறியாமல் உண்டவரின் உயிரையும் வாங்குகிறது. அதே வேளையில், நம் வேலிகளிலிருந்து மெல்ல மெல்ல மறைந்தும் வருகிறது. இம்மூன்றும் ஒரே கொடியைப் பற்றிய செய்திகளாகையால், அதனை ஐயமற அடையாளங் காண அறிந்திருத்தல் நம் அனைவருக்கும் வேண்டுவதாகிறது.

நூலோர் செங்காந்தள் என்பர். நம் ஊர்களில் கண்வலிக்கிழங்கு, கண்வலிப்பூ என்கிறோம். பூவை உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்று முன்னோர் சொல்லிவந்ததால் வந்த பெயர் அது. குழந்தைகளைப் பூவண்டை போகாமல் தடுப்பதற்கு இதைவிட நல்ல வழி அக்காலத்தில் இருந்திராது என்பது என் கருத்து. கிழங்கின் உருவங்கண்டு கலப்பைக்கிழங்கு என்போரும் உளர். பூக்குங் காலத்தைக் கொண்டு கார்த்திகைப்பூ என்பது மற்றொரு வழக்கு. இலங்கைத் தமிழரும் அப்படியே வழங்குவர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் இதற்குக் குளோரியோசா சுப்பர்பா என்று பெயரிட்டார். பெருமையும் அழகும் மிக்கது என்பது அதன் பொருள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தளே. நமக்கு அண்மையில் பழனியில் எழுந்தருளியிருக்கும் முருகனுக்குக் காந்தட் கண்ணி சூட்டி மகிழ்ந்தது திருமுருகாற்றுப்படை. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டினரும் இதனைத் தம் தேசிய மலராகக் கொண்டுள்ளனர்.

பெருமை இவ்வளவு போதும். கொடிக்கு வருவோம்.

"ஒட்டன்சத்திரத்து உழவனுக்குக் கண்வலிக்கிழங்கைக் காட்டிக்கொடுக்க ஓர் அலுவலர் வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் பக்கத்திலும், அப்பால் மூலனூர், தாராபுரம் பக்கங்களிலும் பந்தல் பந்தலாக இதனைப் பயிரிட்டு விதை எடுத்து விற்கும் உழவர் பலர் இருக்கின்றனர். அவர்களுக்குத் தம் வயலில் நிற்பது இன்னதென்று நன்கு தெரியும். ஆனால் வயலில் நிற்பதை அறிவது வேறு, வேலியில் படர்வதை அறிவது வேறு. வயலில் வேறு கொடி கலப்பதில்லை. வேலியிலோ பத்துக் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பூத்த காந்தளை அறியாதார் எவருமிலர். ஆனால் கிழங்கு தோண்டுவோர் தோண்டுவது பூத்திருக்கும் காலத்தில் அன்று. கொடி காய்ந்து, இலை உதிர்ந்து, மண்ணுக்கடியில் கிழங்கு மட்டும் உறங்கும் கோடையில்தான் மண்வெட்டி அங்கே செல்கிறது. தவறு நேர்வதும் அப்பொழுதே. ஆகவே பூவை வைத்து அடையாளம் சொல்வதில் பெரும் பயனில்லை. பூவில்லாத பொழுது அறிவதே அறிவு.

ஆண்டு முழுவதும் இக்கொடி எவ்வாறு வாழ்கிறது என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். மழை விழுந்து மண் நனைந்ததும் கிழங்கின் நுனியிலுள்ள முளை மேலெழுகிறது. தண்டு உருண்டு, வழவழப்பாய், முள்ளின்றி, மயிரின்றி இருக்கும். கிள்ளினால் பால் வராது. வேலியின் உயரத்திற்கு ஏற்ப ஆறடி முதல் பத்தடி வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் ஏறும். ஐப்பசி, கார்த்திகை வரையிற் பூத்துக் காய்த்து, காய் முற்றியதும் தரைக்கு மேலுள்ளது முழுவதும் காய்ந்துவிடும். தை, மாசியில் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் ஒரு தண்டு கிளுவையைப் பற்றிக்கொண்டு தொங்கும், அவ்வளவே.

பச்சையாக இருக்கையில் இதனை அறிய ஒரே ஓர் அடையாளம் போதும். அது இலையின் நுனி. இலை காம்பின்றித் தண்டோடு ஒட்டி நிற்கும். ஈட்டிபோல் நீண்டு, நுனி மெலிந்து மெலிந்து, ஈற்றில் கம்பிச் சுருள்போல் சுருண்டு, பக்கத்திலுள்ள குச்சியைப் பற்றிக்கொள்ளும். இலையே கையாகிறது. நம் வேலிகளில் ஏறும் கொடிகளுள் இலைநுனியே இவ்வாறு பற்றுக்கம்பியாக மாறிய வேறொன்றை நான் கண்டதில்லை.

மற்றவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கோவைக்கும் பற்றுக்கம்பி உண்டு. ஆனால் அது இலைக்காம்பின் அருகில் தண்டிலிருந்து தனியே புறப்படும். பிரண்டையின் தண்டு நாற்பட்டை. கம்பி கணுவில் இலைக்கு எதிர்ப்புறத்தில் தோன்றும். முடக்கத்தானின் கம்பி பூங்கொத்தின் காம்பில் இருக்கும். இலையும் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். வேலிப்பருத்திக்குக் கம்பியே இல்லை. தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும், இலையைக் கிள்ளினால் பால் வடியும், நாற்றமும் உண்டு. தண்ணீர்விட்டான் கொடியில் முள்ளும் ஊசிபோன்ற மெல்லிய தழையும் காணப்படும்.

வள்ளிக்கொடியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் மயக்கம் இவ்விரண்டிற்கும் இடையிலேதான் நிகழ்கிறது. காட்டுவள்ளியும் வேலியில்தான் ஏறுகிறது. அதற்கும் கிழங்கு உண்டு. அதுவும் கோடையில் காய்ந்துவிடுகிறது. ஆனால் வள்ளிக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே கொழுகொம்பைச் சுற்றும். இலைக்கு நீண்ட காம்பு உண்டு. பெரும்பாலான வள்ளிகளின் இலை இதயவடிவாக இருக்கும். இலையின் அடியிலிருந்து சில பெருநரம்புகள் வளைந்து செல்ல, அவற்றினிடையே சிறு நரம்புகள் வலைபோற் பின்னியிருக்கும். காந்தள் இலையிலோ, சோளத் தாளிற் காண்பதுபோல், நரம்புகள் நெடுக ஓடும். சிலவகை வள்ளிகளின் கணுக்களில் சிறு காய்போன்ற கிழங்குகள் தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அது காந்தளில் ஒருபொழுதும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இளங்கொடியிலும், வளர்ந்த கொடியின் அடிப்பகுதியிலும் உள்ள இலைகளுக்குப் பெரும்பாலும் சுருள்நுனி அமைந்திராது. மேலே ஏறத் தொடங்கிய பின்னரே இலைகள் கை நீட்டுகின்றன. கீழிலை ஒன்றை மட்டும் பார்த்து, "சுருள் இல்லை, இது காந்தள் அன்று" என்று முடிவு கட்டலாகாது. இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகவும், எதிரெதிராகவும், மும்மூன்றாகவும் ஒரே கொடியில் அமைவதுண்டு. ஆகவே இலையடுக்கையும் நம்பவேண்டா. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளியிட்ட ஒரு புழு இலைகளை மொய்த்துத் தின்பதைக் கண்டால் காந்தளென்று ஊகிக்கலாம். கண்வலிக்கிழங்கு பயிரிடுவோர் அதனை நன்கறிவர். புழுவுக்கு நம்மைவிடத் தாவர அறிவு அதிகம்.

பூவைப்பற்றி இரண்டு சொல் மட்டும். இதழ் ஆறு, விளிம்பு நெளிந்து, பின்னோக்கி மேலே மடங்கி, தீக்கொழுந்துபோல் நிற்கும். பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவப்பில் முடியும். ஆகையால் ஒரே கொடியில் பல நிறங் கண்டு வேறு வேறு சாதி என்று மயங்கவேண்டா. சூல்தண்டு அடியிலேயே ஒருபுறமாய் மடங்கி, மகரந்தப் பைகளைவிட்டு விலகி நிற்கிறது. பந்தற் காந்தளில் விடியற்காலையிற் கையால் மகரந்தம் தொட்டுவைக்கும் வேலையை நம் பெண்கள் செய்வது இதனாலேதான். காய் இரண்டு மூன்று அங்குல நீளத்தில் மூன்று புடைப்புடன் இருக்கும். முற்றியதும் மூன்றாக வெடித்து உருண்டையான செந்நிற விதைகளைக் காட்டும். பள்ளிப்பிள்ளைகளின் கண் அங்கே செல்வதில் வியப்பில்லை. அவ்விதையும் நஞ்சு என்பதை வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிவைக்கவேண்டும்.

இனி, கிழங்கு. மண்ணைக் கிளறியவர் கையில் அகப்படுவது அது ஒன்றே ஆதலால் இதனை விரிவாகவே சொல்கிறேன். காந்தட் கிழங்கு உருண்டு திரண்டதன்று. கைவிரற் பருமனில் நீண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு கைகளாகப் பிரிந்து கவைபோலவோ, ஒரு கை நீண்டு மறுகை குறுகிக் கலப்பைபோலவோ அமையும். மேல்தோல் வழவழப்பாய், இளங்கிழங்கில் வெண்மையாகவும் முதிர்ந்ததில் பழுப்பாகவும் இருக்கும். இரு கைகளும் கூடும் இடத்தில் பழைய தண்டின் தழும்பும் வேரும் காணப்படும். கைகளின் மேல் வேறு வேர்கள் இரா. ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரே ஒரு முளை கூர்மையாக நிற்கும். கிழங்கின் வேறெந்த இடத்திலும் கண் கிடையாது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கோ நடுவில் பருத்து இருபுறமும் கூம்பியது. ஒடித்தால் பால் கசியும். காட்டுவள்ளி நேரே கீழ்நோக்கி ஆழமாக இறங்கும். மேலெல்லாம் மயிர்போல் வேரோடியிருக்கும். தண்ணீர்விட்டான் கிழங்கு ஒரே முடியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பல விரல்கள் தொங்குவது போன்றது. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். மண்வெட்டி பட்டு ஒரு கை ஒடிந்து, முளையும் கழன்ற துண்டாகக் காந்தட் கிழங்கு கிடைக்குமாயின், நான் சொன்ன கவையும் இல்லை, முனையும் இல்லை. அப்படிப்பட்ட துண்டை எவர் காட்டினாலும் நான் பெயர் சொல்லமாட்டேன். கொடியைக் கண்ணால் காணாமல் எடுத்த வேலிக்கிழங்கு எதுவும் அடுப்பிற்குப் போகக்கூடாது என்பதே என் முடிவான கருத்து. நாவில் வைத்துப் பார்த்து அறியலாம் என்போரின் பேச்சைக் கேட்கவேண்டா.

அதில் உள்ளது என்ன? கோல்சிசின் என்னும் பொருள். கொடியின் எல்லாப் பகுதியிலும் உண்டாயினும் கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அதன் நஞ்சு அழிவதில்லை. மரவள்ளியை வேகவைத்து வடித்து உண்டு பழகியோர் இதனையும் அவ்வாறே எண்ணிவிடக்கூடாது. உண்டவுடன் ஒன்றும் தோன்றாது என்பதே இந்நஞ்சின் வஞ்சகம். சில மணி நேரம் கழித்துத் தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, நீராய்க் கழிச்சல் வரும். வயிற்றுக்கோளாறு என்று எண்ணி வீட்டில் படுத்துவிடுவர். ஒருநாள் கழித்துச் சற்றுத் தெளிந்தது போலவுமிருக்கும். அதன் பின்னரே சிறுநீரகமும், இதயமும், இரத்தம் ஊறும் எலும்பு மச்சையும் தாக்கப்படுகின்றன. பிழைத்தவருக்கும் இரண்டொரு வாரத்தில் முடி கொத்துக்கொத்தாய் உதிர்வதுண்டு. இலங்கையில் இக்கிழங்கை உண்டு உடல் முழுவதும் முடியுதிர்ந்த ஒருவரைப் பற்றி 1966-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே, உண்டது தெரிந்த மறுநிமிடமே, வாந்தி வரும் வரையிற் காத்திராமல், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். புளிக்கரைசல், மோர் என்று வீட்டு மருந்து தேடிப் பொழுதைப் போக்கலாகாது. மிச்சமுள்ள கிழங்கையும், கிடைத்தால் கொடியையும் ஒரு பையிற் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்; இன்னதை உண்டார் என்று மருத்துவர் உடனே அறிவதற்கு அது பேருதவி. ஆடுமாடுகளுக்கும் இது நஞ்சே. வயல் ஓரத்தில் கழித்துப் போட்ட கிழங்கைத் தீவனத் தொட்டியருகே குவிக்காதீர்கள்.

பயிரிடுவோர் விதைக்கிழங்கை வீட்டுத் திண்ணையிலும் சமையற்கட்டின் மூலையிலும் மணலிற் புதைத்து வைப்பதை நான் பல ஊர்களில் பார்க்கிறேன். அதே மூலையில் உருளையும் சேனையும் கிடக்கின்றன. இவ்வழக்கம் ஒழியவேண்டும். விதைக்கிழங்கிற்கும் காய்ந்த விதைக்கும் தனியறை, பூட்டு, சாவி வேண்டும். நஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இருப்பது எந்த வீட்டிற்கும் நல்லதன்று. காரணத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய நஞ்சை வெளிநாட்டார் விலை கொடுத்து வாங்குவானேன் என்ற கேள்வி எழலாம். அளவறிந்து கொடுத்தால் அதுவே மருந்து. ஐரோப்பாவில் வளரும் வேறொரு கிழங்குச் செடியிலிருந்து பெல்லத்தியேர், கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1820-இல் கோல்சிசினைப் பிரித்தெடுத்தனர். மூட்டுகளில் வீக்கமும் கடுவலியும் தரும் கௌட் நோய்க்கு அது இன்றும் வழங்கப்படுகிறது. நம் காந்தள் விதை மருந்து நிறுவனங்களுக்குச் செல்வதும் இதற்காகவே. 1937-இல் அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ, செடிகளின் மரபுத்திரிகளை இரட்டிப்பாக்க இது உதவும் என்று கண்டார். ஒட்டன்சத்திரம் சந்தையில் விற்கும் விதையில்லாத் தர்ப்பூசணி அவ்வழியில் வந்ததே. ஆனால் இவை யாவும் மில்லிகிராம் கணக்கில் நிறுத்து நடக்கும் காரியங்கள். வேலியிற் கிழங்கு பறித்து இடித்துக் குடிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

விதைக்கு விலை உண்டென்றவுடன் கிழங்கிற்கும் விலை வந்துவிட்டது. வேலிக் காந்தள் அருகி வருவதற்கு வழி இங்கேதான் பிறக்கிறது. விதையிலிருந்து முளைத்த கொடி பூக்கச் சில ஆண்டுகள் செல்லும்; ஆகையால் உழவர் அனைவரும் கிழங்கையே நடுகின்றனர். கிழங்கோ விரைந்து பெருகுவதில்லை. இவ்வாண்டு நட்ட கிழங்கு தன்னைக் கரைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு ஓரிரு கிழங்கை மட்டும் விட்டுச் செல்கிறது. நிலத்தை விரிவுபடுத்த நினைப்போருக்குக் கிழங்கு போதவில்லை. உடனே வேலியையும் மலையடிவாரத்தையும் நாடுகின்றனர். பரப்பலாறு அணைக்கு மேலே, வடகாடு, பாச்சலூர்ப் பக்கங்களிலுள்ள காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றிப் புகுந்து கிழங்கு தோண்டுவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றமாகும்.

சட்டம் ஒருபுறமிருக்க, கணக்குப் பார்த்தாலும் நட்டமே. அவசரமாய்த் தோண்டிச் சாக்கிற் போட்டு மிதித்துக் கொண்டுவரும் கிழங்கில் முனை ஒடிந்துவிடும். ஒரு கைக்கு ஒரே முளைதான் என்று சற்றுமுன் சொன்னேன். முளையொடிந்த கிழங்கை எவ்வளவு உரமிட்டு நட்டாலும் அது முளைக்காது. வாங்குவோர் நிறை பார்ப்பதைவிட முனை பார்ப்பது நன்று. எங்கே தோண்டியது என்று கேட்பது அதைவிட நன்று. தம் வயற்கிழங்கையே ஆண்டுதோறும் பத்திரமாக எடுத்து, அழுகலைக் கழித்து, சிறிது சிறிதாய்ப் பரப்பை விரிப்போரே நிலைத்து நிற்கின்றனர். விதையின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது என்பதை அறியாதார் இங்கில்லை. ஓராண்டு ஏற்றத்தை நம்பி வேலியைப் பாழாக்குவது விவேகமன்று.

வேலி என்றேன். நம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலியும், நடுவே வெள்வேல் மரமும், கீழே கொழுக்கட்டைப் புல்லுமாக ஒரு மேய்ச்சல் முறை தொன்றுதொட்டு இருந்து வருகிறது. மாட்டை உள்ளே நிறுத்தும் அந்தக் கிளுவையே காந்தளுக்குக் கொழுகொம்பு. அதன் முள் கிழங்கை மண்வெட்டியிலிருந்தும் ஓரளவு காத்து வந்தது. இப்பொழுது கிளுவையைப் பெயர்த்துக் கம்பிவேலி போடுகிறோம். கம்பியில் ஏறவும் காந்தளுக்குத் தெரியும். பயிரிடுவோர் சிலர் கம்பிப்பந்தலே போடுகின்றனர். ஆனால் வேலியை இயந்திரம் வைத்துத் தோண்டி எடுக்கும் பொழுது கிழங்கும் அதனோடு போய்விடுகிறது. அதன்பின் ஏறுவதற்கு ஏது?

ஊராட்சி உறுப்பினர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. சாலையோரம் துப்புரவு செய்யும் பொழுது, காந்தள் உள்ள வேலியைத் தை மாதத்திற்குப் பின் தரைமட்டத்தில் அறுத்துவிடச் சொல்லுங்கள். கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். மழைக்கு மீண்டும் எழும். சாலையை அகலப்படுத்தியே தீரவேண்டுமெனின், மாசி முதல் சித்திரைக்குள் கிழங்கை முனை ஒடியாமல் எடுத்து, பக்கத்து வேலியடியில் நாலைந்து அங்குல ஆழத்திற் புதைத்துவிடலாம். இடம் மறவாதிருக்க, பூத்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே அவ்வேலியில் ஓர் அடையாளத் துணி கட்டிவையுங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் வகைசெய்கிறது. அப்பதிவேட்டில் "காந்தள் உண்டு" என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடாமல், எந்தப் புல எண்ணின் வேலி, எந்த மாதத்தில் கண்டது, எத்தனை கொடி என்று எழுதினால் பின்வருவோர்க்குப் பயன்படும். எழுதுவதற்கு முன் நேரிற் சென்று இலைநுனியைப் பார்த்துவிடுங்கள்.

வெளியே மேசைமீது மூன்று தட்டுகள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் தட்டில் காட்டுவள்ளி, இரண்டாவதில் தண்ணீர்விட்டான், மூன்றாவதில் காந்தட் கிழங்கு உள்ளன, பெயர் எழுதவில்லை. எது எதுவென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். குழந்தைகளை அருகில் விடவேண்டா. தொட்டுப் பார்த்தவர்கள் அங்கேயே வைத்துள்ள சோப்பினால் கையைக் கழுவிவிட்டு, அதன்பின் தேநீருக்கு வாருங்கள்.